சரிசெய்தவர் பெயர்

எனக்குக் கோபம் முதலில் வரும், விஷயம் பிறகுதான் புரியும். என் வீட்டுக்காரர் இதைக் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் கைகட்டி என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு மனிதர் விஷயத்தில் கோபம் வந்து மூன்று மாதமாகிவிட்டது, விஷயம் இன்னும் முழுசாகப் புரிந்தபாடில்லை. அவரைப் பற்றி நிர்வாகி கேட்ட இரண்டாவது அறிக்கை என் மேஜைமேல் பாக்கி கிடக்கிறது. அதை எழுதுவதற்கு முன்னால், நடந்ததை நடந்தபடி ஒரு தடவை எனக்காக எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் மருத்துவமனையில் நான் பணியாளர் பிரிவின் தலைமை எழுத்தர். யாருக்கு எங்கே வேலை, யாருக்கு எத்தனை நாள் விடுப்பு, யாரை எங்கே மாற்றுவது எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நிர்வாகி என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். கம்ப்யூட்டர் பிரிவில் இருப்பது இரண்டே பேர். பதினோரு வருடத்தில் யார் எத்தனை பழுதைச் சரிசெய்தார்கள் என்று பதிவிலிருந்து எடுத்த பட்டியல் அது. முதல் ஆள், ஒல்லி என்று நாங்கள் கூப்பிடுபவர். அவருக்கு நேரே நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு என்று இருந்தது. அடுத்த ஆள் கைகட்டி. அவருக்கு நேரே சைபர்.

"பத்து இல்ல, அஞ்சு இல்ல. சைபர்!" என்றார் நிர்வாகி. "பதினோரு வருஷமா இந்த ஆளு என்னம்மா பண்ணிட்டிருந்தாரு?"

"தெரியல சார்."

"விசாரிங்க. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள எனக்கு அறிக்கை வந்தாகணும். அவருக்கு இங்க வேலை இல்லேன்னா கிடங்குக்கு மாத்திடலாம்."

கிடங்கு என்பது பின்சுவரை ஒட்டிய தகரக் கொட்டகை. மூன்று கால் நாற்காலிகள், சக்கரம் போன தள்ளுவண்டிகள், யாருக்கும் வேண்டாத பழைய கோப்புகள் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். காலையில் பூட்டைத் திறந்து, மாலையில் பூட்டினால் வேலை முடிந்தது. பேச்சுத் துணைக்குப் பல்லிகூடக் கிடையாது. கைகட்டியோ நாள் முழுக்க மனிதர்களுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே பழகியவர். அவரைக் கிடங்குக்கு அனுப்புவது மீனைப் பிடித்து மொட்டை மாடியில் காயப்போடுவது போலத்தான்.

அப்போது நான் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. எனக்கு அவரைச் சரியாகத் தெரியவே தெரியாது. யாருக்குக் கம்ப்யூட்டரில் என்ன சிக்கல் வந்தாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொள்வார் என்றும், அதனால்தான் கைகட்டி என்ற பெயர் வந்தது என்றும் கேள்விப்பட்டிருந்தேன். கூப்பிட்டால் நம்மையே வேலை வாங்குவார் என்றும் சொன்னார்கள். அதனால் நான் அவரைக் கூப்பிட்டதே இல்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் எனக்குப் பக்கத்து வீட்டு நாய் மாதிரி. இதுவரை கடித்ததில்லை, ஆனால் இனியும் கடிக்காது என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? திரையில் திடீரென்று ஒரு பெட்டி முளைத்தால் அதில் என்ன இருக்கிறது என்று நான் பார்ப்பதில்லை. மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிடுவேன். அதற்கும் மசியாவிட்டால் ஒல்லிக்குப் போன். அவர் வந்து என் தோளுக்கு மேலே கையை நீட்டி நாலு தட்டுத் தட்டுவார். "ஆச்சு மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். என்ன ஆச்சு என்று எனக்கும் தெரியாது, நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கும் தெரியாது.

கைகட்டியின் அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கூரை சரிந்து இறங்கும் இடம். உள்ளே நுழையும்போதே நெற்றியில் ஒரு இடி வாங்கினேன். இரண்டு நாற்காலிகள் இருந்தன, மெத்தை வைத்தது வருகிறவர்களுக்கு, மரக்கட்டை அவருக்கு. சுவரோரமாக ஒரு பழைய கம்ப்யூட்டர். அதன்மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'இதை யார் வேண்டுமானாலும் கெடுக்கலாம்.'

அதற்கு முன்னால் எக்ஸ்ரே பிரிவுக்காரர் உட்கார்ந்திருந்தார். ஆறடி ஆள். மீசையைப் பார்த்தே நோயாளிகள் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"எல்லாத்தையும் அழுத்திப் பாத்துட்டேன் அண்ணே. ஒண்ணும் ஆகல" என்றார், ஏமாந்துபோன குரலில்.

"இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுங்க. ஒம்போது வருஷமா ஒருத்தராலயும் முடியல. உங்களால முடியுதான்னு பாப்போம்" என்றார் கைகட்டி. கைகள் அக்குளில் இருந்தன.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அரசாங்கப் பொருளை உடைக்கச் சொல்லி ஒருவருக்குப் பாடம் நடக்கிறது. நான் தாளை நீட்டினேன். அவர் கையை எடுக்காமல் குனிந்து படித்தார்.

"சரியாத்தான் இருக்கு மேடம்."

"சரியாத்தான் இருக்குன்னா? பதினோரு வருஷமா நீங்க எதையுமே சரி பண்ணலையா?"

"இல்ல."

கோபம் வந்துவிட்டது. "அப்ப என்னதான் அண்ணே பண்ணீங்க?"

அவர் எனக்குப் பதில் சொல்லாமல் எக்ஸ்ரேக்காரரைப் பார்த்து, "அந்தப் பழுதுப் பதிவைக் கொஞ்சம் திறந்து காட்டுங்களேன்" என்றார். அந்த மனிதர் மீசையைத் துடைத்துக்கொண்டு இரண்டு விரலால் தட்டித் திறந்தார். திறந்ததும் என்னைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தார்.

கைகட்டி பார்க்கும் பிரிவுகளின் பழுதுகள் வரிவரியாக ஓடின. தேதி, பிரிவு, பழுது என்ன, கடைசிக் கட்டத்தில் 'சரிசெய்தவர் பெயர்'. அந்தக் கட்டத்தில் சலவைப் பிரிவு மேற்பார்வையாளர் பெயர், சீட்டு கொடுக்கும் அம்மாள் பெயர், காயங்களுக்கு மருந்து கட்டுபவர் பெயர், மறுபடி சலவைப் பிரிவு, நடுவில் இந்த எக்ஸ்ரேக்காரர். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் வரி. எதிலும் கைகட்டியின் பெயர் இல்லை. இவர்கள் யாரும் கம்ப்யூட்டர் பிரிவு ஆட்கள் இல்லை என்பதால் நிர்வாகியின் பட்டியலில் இந்த வரிகள் ஒன்றுகூட ஏறவில்லை.

"அண்ணே, அது உங்க பேரைப் போடற இடம்! ஒல்லி அப்படித்தானே போடறாரு!"

"அவர் சரி பண்றாரு, அவர் பேரைப் போட்டுக்கறாரு. அது நியாயம். இங்க இவங்கதான சரி பண்ணாங்க? நான் பக்கத்துல உக்காந்திருந்தேன், அவ்வளவுதான். பக்கத்துல உக்காந்தவர் பேருன்னு ஒரு கட்டம் இருந்தா என் பேரைப் போட்டிருப்பேன்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்கள். அதை வருடம் தவறாமல், வரி தவறாமல் செய்திருக்கும் ஒரு மனிதரை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

"சரி. இப்ப மாத்திடுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு."

"மாத்தணும்னா இவங்க பேரையெல்லாம் அழிக்கணுமே மேடம்."

"என் பேரையுமா?" என்று எக்ஸ்ரேக்காரர் திரும்பினார். அவர் பெயர் பதிவில் மொத்தம் மூன்று தடவை இருந்தது. மூன்று தேதியும் அவருக்கு மனப்பாடம். பிள்ளைகளின் பிறந்தநாள் கேட்டால்கூட அப்படிச் சொல்லியிருப்பாரா தெரியாது.

"பாத்தீங்களா" என்றார் கைகட்டி. "கிடங்குக்குப் போறதுன்னா போறேன் மேடம். ஆசையா போகமாட்டேன். அங்க யாரு இருக்கா எனக்கு? ஆனா இவங்ககிட்டேந்து புடுங்கி எனக்குன்னு எழுதிக்கிட்டா, நாளைக்கு இவங்க பக்கத்துல எப்படிப் போய் உக்காருவேன்?"

நான் மறுபடி நெற்றியில் இடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

சாட்சி பிடித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இவர்தான் எங்களுக்கு எல்லாம் சரிசெய்து கொடுத்தார் என்று நாலு பேர் கையெழுத்துப் போட்டால், அதை அறிக்கையோடு இணைத்துவிடலாம். புதன்கிழமை முதலில் சீட்டு அம்மாளிடம் போனேன். வாசலில் வரிசை நிற்க, இவர் நோயாளிகளின் பெயரைக் கேட்டு, வயதைக் கேட்டு, படபடவென்று தட்டிச் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். இதே அம்மாள் கம்ப்யூட்டர் வந்த புதிதில் மூன்று மாதம் மருத்துவ விடுப்பில் போனவர். அந்த விண்ணப்பம் என் மேஜைக்கு வந்ததுதான்.

"கைகட்டி அண்ணனா? தங்கமான மனுஷன். ஆனா ஒண்ணும் பண்ணமாட்டாரு. இதெல்லாம் நானே கத்துக்கிட்டது."

"அவரு சொல்லிக் கொடுக்கலையா?"

"எங்க சொல்லிக் கொடுத்தாரு? என்ன எழுதியிருக்கு, என்ன எழுதியிருக்குன்னு கேட்டுட்டே இருப்பாரு. நான் படிப்பேன். படிச்சா அதுலயே பதில் இருக்கும். நானே பண்ணிடுவேன்." வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

மருந்து கட்டுபவர் அதற்கும் ஒரு படி மேலே போனார். "உள்ளதைச் சொன்னா, அவருக்கு நிஜமாவே கம்ப்யூட்டர் தெரியுமான்னு எனக்குச் சந்தேகம் மேடம். ஒரு தடவைகூட மவுஸைத் தொட்டுப் பாத்ததில்ல. நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி இருக்கும்."

சலவைப் பிரிவில் ஆவிக்கு நடுவே மேற்பார்வையாளர் அம்மாள் போர்வைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் பெயர் பதிவில் முன்னூற்றுக்கும் மேல். ஒரு காலத்தில் திரையைத் திறந்தாலே அழுதுவிடுவாராம். இப்போது பக்கத்துப் பிரிவுக்காரர்கள் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

"அக்கா, அவர்தான் சரி பண்ணாருன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்து போடுங்க. அவர் வேலை போகப்போகுது."

பேனாவை வாங்கியவர் யோசித்தார். முகம் சுருங்கிவிட்டது. "அவருக்காக உசிரைக் கேட்டாலும் கொடுப்பேன் தங்கச்சி. ஆனா பொய்க்கு எப்படிக் கையெழுத்து போடறது? நான்தானே சரி பண்ணேன்."

ஒரு ஆளுக்கு ஆதரவாகச் சாட்சி கேட்கப் போய், அத்தனை பேரும் அவர் ஒன்றும் செய்யவில்லை என்று சத்தியம் செய்து அனுப்பியது என் அனுபவத்தில் இதுதான் முதல் தடவை. அவர்கள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நன்றி கெட்ட ஜென்மங்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே படியேறினேன்.

வியாழக்கிழமை ஒல்லியின் பதிவை எடுத்துப் பார்த்தேன். நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு என்றால் சும்மாவா, அதில் என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று. பார்த்திருக்கவே வேண்டாம். பணியாளர் பிரிவு, பணியாளர் பிரிவு என்று என் பிரிவு மட்டும் முன்னூற்றுப் பதினாறு தடவை. அதில் இருநூறுக்கு மேல் ஒரே பழுது: பிரிண்டர் நின்றுவிட்டது. பதினோரு வருடமாக ஒரே பிரிண்டர் ஒரே மாதிரி நின்று, ஒரே ஆள் வந்து ஒரே மாதிரி தட்டிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு ஒன்றும் தெரியாமல் இருந்ததால்தான் ஒல்லிக்கு எண்ணிக்கை ஏறியிருக்கிறது. சலவை அம்மாளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டதால் கைகட்டிக்கு ஏறவில்லை. அப்படியானால் இரண்டு பேரில் யார் வேலை செய்தவர்? மண்டை காய்ந்துபோய், அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

போகும் வழியில் தையல் அறையில் எட்டிப் பார்த்தேன். கைகட்டியின் மனைவி அங்கேதான் வேலை செய்கிறார். கிழிந்த படுக்கை விரிப்புகளை ஒட்டுப்போட்டுத் தைக்கிற வேலை.

"உங்க வீட்டுக்காரர் எனக்குப் புரியவே இல்ல" என்றேன் நேரடியாக.

"இருபத்தெட்டு வருஷமா எனக்கே புரியல. மூணு நாள்ல உங்களுக்குப் புரிஞ்சிடுமா?" என்று தையல் மிஷினை நிறுத்தினார். "வீட்லயும் இதே கூத்துதான். மிக்சி ஓடலேன்னா தொடமாட்டாரு. 'என்ன சத்தம் வருது சொல்லு'ன்னு பக்கத்துல உக்காந்துக்குவாரு. இப்ப மிக்சி, மின்விசிறி, குழாய் எல்லாத்தையும் நானே கழட்டி மாட்டறேன். ஒரு நாளாவது இந்த மனுஷன் எழுந்து ஒரு திருகாணியைத் திருப்பினா எனக்கு எவ்வளவு நிம்மதியா இருக்கும் தெரியுமா?"

அவர்தான் லிப்ட் கதையைச் சொன்னார். கைகட்டி முதலில் இதே மருத்துவமனையில் லிப்ட் ஓட்டுபவராக இருந்தவராம். அது கையால் ஓட்டும் பழைய லிப்ட். ஒருநாள் அவர் தண்ணீர் குடிக்க இறங்கிய நேரத்தில், ஒரு தாய் தன் பெண்ணைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு உள்ளே போய் எதையோ அழுத்திவிட்டாள். லிப்ட் மேல்தளத்துக்கு ஒரு அடி கீழே நின்றுவிட்டது. பழுது பார்ப்பவர் ஊரில் இல்லை. உள்ளே அந்த அம்மாள் கதறுகிறாள். இவர் வெளியே. கதவை உள்பக்கக் கொக்கியை எடுத்தால்தான் திறக்க முடியும்.

"இவரு கதவு இடுக்குல வாயை வெச்சு, 'என்னம்மா தெரியுது, சொல்லு'ன்னு கேட்டிருக்காரு. அவ அழுதிருக்கா. மறுபடி கேட்டிருக்காரு. முக்கால் மணி நேரம். கடைசில அவளே கொக்கியைக் கண்டுபிடிச்சு எடுத்துட்டா. வெளிய வந்தவ, கூடியிருந்த கூட்டத்துகிட்ட 'நானே திறந்தேன், நானே திறந்தேன்'னு சொல்லிட்டே போயிட்டாளாம். இவரைத் திரும்பிக்கூடப் பாக்கல."

"அப்புறம்?"

"வீட்டுக்கு வந்து இதை ஏதோ பரிசு விழுந்த மாதிரி சொல்றாரு. ஒரு நன்றிகூடச் சொல்லலியேன்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. 'உள்ள இருக்கிற கைதான் திறக்கணும், வெளிய இருக்கிறவன் கை எதுக்கு? அவளுக்குப் பயம் போயிடுச்சு பாத்தியா'ன்னாரு. அப்புறம் தானா ஓடற லிப்ட் வந்துது, கம்ப்யூட்டர் படிக்க வெச்சு இவரை மாடிப்படிக்கு அடியில போட்டாங்க. அங்க போயும் அதையேதான் பண்றாரு." மறுபடி மிஷினை ஓட்டப் போனவர் நிறுத்தினார். "கிடங்குக்கு அனுப்பிடாதீங்க மேடம். பேச ஆள் இல்லாம அந்த மனுஷன் செத்துடுவாரு."

வெள்ளிக்கிழமை மதியம் கம்ப்யூட்டரில் அறிக்கைப் படிவத்தைத் திறந்து உட்கார்ந்தேன். சரிசெய்த பழுதுகள் என்ற இடத்தில் சைபர் தானாகவே வந்து நின்றது, அதை மாற்ற வழியில்லை. அதற்குக் கீழே என் கருத்து. இரண்டு மணிநேரம் உட்கார்ந்து, லிப்ட்டையும் எழுதி, என் முன்னூற்றுப் பதினாறையும் வெட்கத்தை விட்டு எழுதி, இவர் இங்கேயே இருக்கவேண்டும் என்று முடித்தேன். மூன்று இருபது. அப்போது ஒரு பெட்டி முளைத்தது. பழக்கதோஷம், படிக்காமல் மூடினேன். திரை வெள்ளை வெளேரென்று ஆனது.

எழுதியது ஒரு எழுத்துகூட இல்லை. ஒல்லிக்குப் போன் போட்டேன். அறுவை அரங்கில் ஏதோ வேலையாக இருந்தார், எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் மாடிப்படி அறைக்குப் போட்டேன்.

கைகட்டி வந்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைகள் அக்குளுக்குள் போயின.

"போச்சு அண்ணே. எல்லாம் போச்சு."

"என்ன ஆச்சுன்னு சொல்லாதீங்க மேடம். என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

"ஒண்ணும் எழுதல! வெள்ளையா இருக்கு!"

"கீழ் ஓரத்துல?"

"படிவம்னு இருக்கு. பக்கத்துல இன்னொரு படிவம்."

"ரெண்டு இருக்கா?"

"ரெண்டு இருக்கு. அதுக்கென்ன இப்ப?" நான் கத்திவிட்டேன். "மணி மூணரை! நீங்களே எடுத்துத் தட்டுங்களேன்! இது யாரைப் பத்தின அறிக்கைன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"இது போகலேன்னா உங்களுக்குக் கிடங்கு!"

"தெரியும் மேடம். ரெண்டுல எது கொஞ்சம் அழுத்தமா தெரியுது?"

மவுஸை எடுத்து அவர் மடியில் எறியலாமா என்றிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அக்குளுக்குள் இருந்த விரல்கள் சட்டையைக் கசக்கிப் பிடித்திருந்தன. அவருக்கும் பயம்தான். ஒரு தட்டில் முடித்துவிடலாம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கைகளைத் தானே கட்டிப் பிடித்து உட்கார்ந்திருந்தார்.

"முதல் படிவம் அழுத்தமா இருக்கு" என்றேன்.

"அப்ப நீங்க இருக்கிறது அதுல. இன்னொண்ணுல யாரு இருக்கா?"

நான் இரண்டாவதை அழுத்தினேன். என் இரண்டு மணிநேர எழுத்தும் அப்படியே வந்து நின்றது. தவறுதலாகப் படிவத்தை இரண்டு தடவை திறந்திருக்கிறேன். அந்தப் பெட்டி அதைத்தான் சொல்ல வந்திருக்கிறது. கைகட்டி உடனே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "நான் உங்க அறிக்கையைப் பாக்கல" என்றார். மூன்று நாற்பத்தெட்டுக்கு அனுப்பினேன்.

"பதிவுல ஏத்திடுங்க மேடம்" என்றார் எழுந்தபடி. பழுதை எழுதினேன். கடைசிக் கட்டத்தில் என் பெயரை அடித்தேன். பதினோரு வருடத்தில் அந்தக் கட்டத்தில் என் பெயர் நின்றது அதுதான் முதல் தடவை. ஏன் பொய் சொல்லவேண்டும், எனக்குச் சின்னப் பிள்ளை போல் சந்தோஷமாக இருந்தது.

அறைக்கு வெளியே வந்தால் எதிரே ஒல்லி ஓடி வந்துகொண்டிருந்தார். "கூப்பிட்டிருந்தீங்களா மேடம்?"

"தேவையில்ல தம்பி. நானே சரி பண்ணிட்டேன்" என்றேன், தலையை நிமிர்த்தி.

சொல்லிவிட்டு நாலு அடி நடந்திருப்பேன். காலில் ஆணி அடித்தது போல் நின்றுவிட்டேன். நன்றி கெட்ட ஜென்மங்கள் என்று அத்தனை பேரையும் திட்டிவிட்டு வந்தவள் நான். திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே கைகட்டி வந்துகொண்டிருந்தார். நான் சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

திங்கட்கிழமை நிர்வாகி சொன்னார்: "மனசைத் தொடற மாதிரி எழுதியிருக்கீங்கம்மா. ஆனா சைபர் சைபர்தானே." மாற்ற உத்தரவை நான்தான் தட்டினேன். மற்ற நாளெல்லாம் சண்டித்தனம் செய்யும் கம்ப்யூட்டர் அன்றைக்கு ஒரு தடையும் சொல்லாமல் அச்சடித்துக் கொடுத்தது. கைகட்டி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, "அங்க போன் இருக்கா மேடம்?" என்று கேட்டார். போனும் ஒரு பழைய கம்ப்யூட்டரும் இருக்கிறது என்றேன். வருகிறவர்கள் நாற்காலிக்காக மனைவி தைத்துக் கொடுத்த அந்த மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். யார் வந்து உட்காரப்போகிறார்கள் என்று எடுத்துப்போனாரோ தெரியாது.

ஒரு மாதம் போனது. நிர்வாகி என்னைக் கூப்பிட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா? அவர் பாத்துட்டிருந்த பிரிவுலேந்து ஒரு அழைப்புகூட வரல. அவர் தேவையே இல்லைன்னு ஆயிடுச்சா இல்லையா?"

அவர் சொன்னது உண்மை. சலவைப் பிரிவும் சீட்டு அறையும் தங்களுக்கு வந்ததைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள், ஏற்றச் சொல்ல ஆள் இல்லாததால் பதிவில் ஏற்றுவதையும் விட்டுவிட்டார்கள். அவர் வேலையை ஒழுங்காகச் செய்ததால்தான் அவர் தேவைப்படவில்லை. இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? நான் அன்றைக்கும் குழம்பினேன், இன்றைக்கும் குழம்புகிறேன்.

அந்த வாரமே என் பிரிண்டர் நின்றது. ஒல்லிக்குப் போன் எடுக்கப் போன கை பாதியில் நின்றுவிட்டது. பிரிண்டரின் சின்னத் திரையில் ஏதோ எழுதியிருந்தது. யாரும் இல்லாத அறையில் வாய்விட்டுப் படித்தேன்: "தாள் சிக்கியுள்ளது. பின்கதவைத் திறக்கவும்." இத்தனை வருடமாக அது இதையேதான் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பின்கதவைத் திறந்தேன். கசங்கிய தாள் ஒன்று நாக்கை நீட்டிக்கொண்டு இருந்தது. இழுத்துப் போட்டேன். ஓடியது.

பதிவைத் திறந்தேன். சரிசெய்தவர் பெயர். கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். செய்தது என் கைதான். ஆனால் 'படிங்க' என்று காதுக்குள் சொன்ன குரல் என்னுடையது இல்லை. மாற்ற உத்தரவில் அடித்த அதே பெயரை, கைகட்டியின் முழுப் பெயரை, அங்கே அடித்தேன்.

இதைச் சலவை அம்மாளிடம் சொன்னேன். நீங்களும் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை, நான் போட்டேன் என்று மட்டும்தான் சொன்னேன். அவர் ஒரு போர்வையை மடித்து முடிக்கும்வரை யோசித்தார். "ஆமா தங்கச்சி. எனக்கும் அந்தக் குரல்தான் கேக்குது. அப்ப அது பொய் இல்லதானே?" என்றார். அவரிடம் ஒன்றைச் சொன்னால் துவைத்த துணியோடு அது எல்லா வார்டுக்கும் போய்விடும் என்பது எனக்குத் தெரியாதா என்ன?

போன வாரம் மாதப் பட்டியல் வந்தது. ஒல்லி, இருபத்தொன்பது. கைகட்டி, அறுபத்து மூன்று.

நிர்வாகி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவர் கிடங்குலதானே இருக்காரு?"

"ஆமா சார். பூட்டு சாவியோட."

"அங்க உக்காந்துட்டு எப்படிம்மா அறுபத்தி மூணு?" அவர் முகத்தில் தெரிந்த குழப்பத்தைப் பார்க்க எனக்கு ஒரு ஆறுதல். இனி நான் மட்டும் இல்லை. "விசாரிச்சு அறிக்கை கொடுங்க" என்றார்.

மேஜைக்கு வந்தால் போன் அடித்தது. கைகட்டி.

"மேடம், ஏதோ பெரிய தப்பு நடந்திருக்கு. சும்மா இருக்கமேன்னு பதிவைத் திறந்து பாத்தேன். ஒரே குழப்பமா இருக்கு. நான் அங்க இல்லவே இல்லையே மேடம். யாரோ என்னமோ பண்ணி..."

"என்ன ஆச்சுன்னு சொல்லாதீங்க அண்ணே" என்றேன். "என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

மறுமுனையில் தகரக் கூரையில் ஏதோ காக்கை நடப்பது கேட்டது.

"வாய்விட்டுப் படிங்க."

"பழுது, பிரிண்டரில் தாள் சிக்கியது. பிரிவு, பணியாளர் பிரிவு. சரிசெய்தவர் பெயர்..." என்று படித்து நிறுத்தினார். பிறகு, யாரோ வேறொரு ஆளின் பெயரைச் சொல்வது போலத் தன் பெயரை மெதுவாகச் சொன்னார்.

"அடுத்த வரி."

சலவைப் பிரிவு. அவர் பெயர். சீட்டு அறை. அவர் பெயர். எக்ஸ்ரே பிரிவு என்று வந்தபோது அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தார். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அறுபத்து மூன்று வரி இருந்தது. அவர் படித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.